அல்புமின் பாக்லிடாக்ஸல்: குப்பியில் நுரை, பையில் இழை

கேள்வி (டேகேர் பார்மசி):
வணக்கம். ஸ்குவாமஸ் (செதிள் செல்) வகை நுரையீரல் புற்றுநோய். கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு அல்புமின் பாக்லிடாக்ஸல் (அல்புமின் புரதத்தோடு சேர்த்து நானோ துகளாக்கிய கீமோ மருந்து), உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு (ச.மீ.) 100 மி.கி. உடல் பரப்பு 1.6 ச.மீ., ஆக 160 மி.கி. 100 மி.கி. குப்பி இரண்டு எடுத்தோம். சலைன் விட்டதும் நுரை பொங்கி, மேலே கட்டி கட்டியாக மிதக்கிறது. பைக்கு மாற்றிய பிறகு மெல்லிய இழைகள் தெரிகின்றன. 0.2 மைக்ரான் ஃபில்டர் போட்டு ஏற்றலாமா? அப்புறம், “நானோ மருந்து கட்டிக்கு மட்டும்தானே போகும்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில் (கீமோ கலவை அறை):
அந்த ஃபில்டர் கூடவே கூடாது. துகள் 130 நானோமீட்டர்தானே, நுழைந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அது சராசரி அளவு. துளை 15 மைக்ரானுக்குக் குறைந்தால் அடைத்துக்கொள்ளும்.

சலைன் நேராக மருந்துத் தூள்மேல் விழுவதால்தான் நுரை. குப்பிக்கு 20 மி.லி., உள்சுவரை ஒட்டி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக விடுங்கள். பிறகு 5 நிமிடம் தொடாமல் வையுங்கள், தூள் முழுக்க நனையட்டும். அதன் பின் 2 நிமிடமாவது மெல்லச் சுழற்றிக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கவே கூடாது. அப்படியும் நுரையோ கட்டியோ இருந்தால் 15 நிமிடம் விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். பால் போல் வர வேண்டும். ஒரு மி.லி.யில் 5 மி.கி.; உங்களுக்கு 32 மி.லி. வெறும் மலட்டுப் பையில் அப்படியே ஏற்றுங்கள், மேற்கொண்டு சலைன் சேர்க்க வேண்டாம்.

இழைக்குப் பெரும்பாலும் காரணம் சிரிஞ்சிலோ பையிலோ உள்ள சிலிகோன் எண்ணெய். அது பட்டால் அல்புமின் புரதம் இழையாகத் திரளும். சிலிகோன் இல்லாத சிரிஞ்சுக்கு மாறுங்கள். இழை தெரிந்தால் 15 மைக்ரான் ஃபில்டர் உள்ள டிரிப் செட் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அது இல்லையென்றால் விலை பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

பதில் (ஆன்கோ நர்ஸ்):
30 நிமிடத்தில் ஏற்றி, முதல் நாள் அது முடிந்ததும் கார்போபிளாட்டின், ஏ.யூ.சி. 6 (ரத்தத்தில் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை வைத்துக் கணக்கிடும் டோஸ் அளவு). 21 நாள் சுற்றில் 1, 8, 15ஆம் நாட்கள் அல்புமின் பாக்லிடாக்ஸல். சுற்றைத் தொடங்க நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) 1,500, பிளேட்லெட் ஒரு லட்சம் இருக்க வேண்டும். 8, 15ஆம் நாட்களில் 500, 50,000.

பழைய பாக்லிடாக்ஸல் குப்பியை இதே அலமாரியில் வைக்காதீர்கள். அது கிரெமோஃபோர் என்ற கரைப்பானில் கரைத்தது. அதற்கு ஸ்டீராய்டு, அலர்ஜி தடுப்பு ஊசி முன்கூட்டியே போட்டாக வேண்டும். இதற்குப் பொதுவாக அவை தேவையில்லை. டோஸும் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போனால் ஆபத்து.

பதில் (மருந்தியல் ஆய்வு):
“கட்டிக்கு மட்டும்” என்று சொல்லவே சொல்லாதீர்கள் மேடம். இதில் கட்டியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி எதுவும் கிடையாது. கிரெமோஃபோரை நீக்கி, மருந்தை அல்புமினில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்ததும் துகள் சீக்கிரமே கரைந்து, மருந்து உடல் முழுக்கப் போகும். நானோ மருந்துகள் பற்றிய 2016 தொகுப்பாய்வில், கட்டியைச் சேர்ந்தது செலுத்திய அளவில் இடைநிலையாக 0.7 சதவீதம், அதுவும் பெரும்பாலும் எலிகளில்.

பலன் இல்லாமல் இல்லை. 2012இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்கு இந்த மருந்துக்கு அனுமதி கிடைக்கக் காரணமான ஆய்வில், ஸ்குவாமஸ் வகையில் கட்டி சுருங்கியது 41 சதவீதம் பேருக்கு. பழைய வகை மருந்தில் 24. ஆனால் மொத்த நோயாளிகளின் ஆயுட்காலத்தில் (12.1, 11.2 மாதம்) உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை.

கட்டிக்கு மட்டும்தான் போகும் என்று நம்பிவிட்டால், காய்ச்சல் வந்தாலும் மருந்தால் இருக்காது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். முடி கொட்டும், விரல் மரத்துப்போகலாம், வெள்ளணு இறங்கும் என்று சொல்லி, 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ராத்திரியானாலும் உடனே வரச் சொல்லுங்கள்.