ஷெட்டுல பார்வோ: அஞ்சுல ஒண்ணு போயிடுச்சு, மீதி நாலை எப்படிக் காப்பாத்துறது?

நாகலூர்க்காரி கேட்டது:

வணக்கம். ஏற்காடு அடிவாரத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஷெட்டுல தெருநாய்க் குட்டிகளை வச்சுப் பாக்குறோம். போன வாரம் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்துல சாக்குல கட்டிப் போட்டிருந்த 5 குட்டிகளை எடுத்துட்டு வந்தோம். ரெண்டு மாசம் இருக்கும். முந்தாநாள் மூணு குட்டி சோறு தொடல. நேத்து மஞ்சளா வாந்தி, அப்புறம் ரத்த பேதி. விடியக்காலையில ஒண்ணு என் மடியிலயே போயிடுச்சு. டாக்டர் டெஸ்ட் கிட் வச்சுப் பாத்து பார்வோன்னு சொல்லிட்டாரு, நாய்க்குட்டிகளுக்கு வர்ற வைரஸ் நோயாம்.

ரெண்டுக்கு ட்ரிப்ஸ் ஏறுது, ஆனா சாயங்காலம் திருப்பி அனுப்பிடுவாங்க. ராத்திரி நான் என்ன பண்ணணும்? மத்த ரெண்டும் நல்லா விளையாடுது, அதுகளை மட்டும் மலை மேல எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடவா? ஷெட்டைத் தினமும் பினாயில் போட்டுத்தான் கழுவுறோம்.

அம்மாபேட்டை தம்பி:

மாதுளை ஓட்டுக் கஷாயம் ஊத்துங்க அக்கா. எங்க நாய்க்கு ரெண்டே வேளையில பேதி நின்னுச்சு.

கன்னங்குறிச்சி அம்மா:

கண்ணு, மடியிலயே போனதுன்னு படிச்சதும் கொஞ்ச நேரம் என்னால எழுத முடியல. 11 வருஷமா பாக்குறேன், இன்னும் பழகல.

தம்பி நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாயில எதையும் ஊத்தாதீங்க. நான் இளநீர் ஊத்தி ஒரு குட்டியை இழந்திருக்கேன், புரை ஏறி நுரையீரலுக்குப் போயிடுச்சு. பேதியை நிறுத்திட்டா பார்வோ போயிடாதுங்க. அது குடலோட உள்தோலையும் எலும்பு மஜ்ஜையையும் அழிக்குது. குடல்ல இருக்கிற பாக்டீரியா ரத்தத்துல கலக்கும், எதிர்த்து நிக்க, மஜ்ஜையில உண்டாகுற வெள்ளை அணு இருக்காது. அதுக்குத்தான் ட்ரிப்ஸோட ஆன்டிபயாடிக்கும் வாந்திக்கான ஊசியும்.

எங்க வீட்டுல கொலுசுப் பட்டறை. அந்தத் தராசுலதான் குட்டிகளை எடை போடுவேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சுவத்துல எழுதி வச்சுடுவேன். 2 கிலோ குட்டி ஒரே ராத்திரியில 150 கிராம் குறைஞ்சா, கிட்டத்தட்ட 150 மில்லி தண்ணி உடம்பை விட்டுப் போயிருக்கு. கண்ணால பாத்துச் சொல்றதை விட இது டாக்டருக்கு உதவும், எவ்வளவு ஏத்தணும்னு அவர் கணக்குப் போட்டுக்குவாரு. உங்க சமையலறைத் தராசே போதும், ஆனா அதுக்கப்புறம் அதைச் சமையலுக்கு எடுக்காதீங்க.

ராத்திரி முதல் வேலை சூடு. அடிவாரத்துலயே விடியக்காலம் குளிரும். பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி, குட்டி பக்கத்துல வைங்க. தள்ளிப் படுக்கவும் அதுக்கு இடம் விடணும். தெர்மாமீட்டர்ல 101, 102 ஃபாரன்ஹீட் இருந்தா நல்லது. 99-க்குக் கீழ இறங்கினா காத்திருக்காதீங்க. துவண்டு போய் ஈறு வெளுத்துச் சில்லுன்னு இருந்தா சர்க்கரை இறங்கியிருக்கலாம். தேனை விரல்ல தொட்டு ஈறுல தடவிட்டு உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

தோலுக்கடியில ரிங்கர் லாக்டேட்ங்கிற உப்புச் சத்து ட்ரிப்ஸை ஏத்த டாக்டர் கத்துக் குடுத்தா கத்துக்குங்க, ராத்திரிக்கு அது பெரிய துணை. குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் தோலுக்கடியில ஏத்திடாதீங்க. தெரியாம ஏத்தி ஒரு குட்டிக்கு முதுகுல சீழ் வச்சுடுச்சு எனக்கு.

விளையாடுற ரெண்டையும் நாகலூருக்குக் கொண்டு போகாதீங்க. ஒரே சாக்குல வந்ததுங்க. கிருமி உள்ள போயி வெளிய தெரிய 3-லிருந்து 7 நாள், சில சமயம் 14 நாள் கூட ஆகும். தெரியறதுக்கு முன்னாடியே மலத்துல கிருமி வரும். உங்க வீட்டு மண்ணுல விழுந்துட்டா மாசக்கணக்குல கிடக்கும். அதுகளுக்கு ஷெட்டுலயே தனி மூலை, தனித் தட்டு, தனித் துடைப்பம். தடுப்பூசியை இன்னைக்கே டாக்டர்கிட்ட கேளுங்க. காலையில முதல்ல அதுககிட்ட போங்க, நோய்க்குட்டிக்கிட்ட கடைசியா. அங்கிருந்து திருப்பி நல்ல குட்டிக்கிட்ட வராதீங்க. ஷெட்டுக்குன்னு ஒரு செருப்பு வச்சுக்குங்க. நமக்கு இது ஒட்டாது, ஆனா நம்ம கையும் காலும்தான் சுமந்துட்டுப் போகும்.

பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் பார்வோ சாகாது. முதல்ல சோப்புத் தண்ணியில மலம் முழுசா போகத் தேய்ச்சுக் கழுவணும். அப்புறம் வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணி 30 பங்கு, 10 நிமிஷம் ஈரமா நிக்கணும். அதோட பினாயிலையோ ஆசிடையோ கலந்துடாதீங்க. மண் தரையைச் சுத்தம் பண்ண வழியில்ல, அங்க புதுக்குட்டியை விடாதீங்க.

ஐந்து ரோடு:

அம்மா, எங்க குட்டிக்கு 45 நாள்ல ஊசி போட்டோம். 70 நாள்ல பார்வோ வந்து செத்துச்சு. அப்ப ஊசி எதுக்கு?

கன்னங்குறிச்சி அம்மா:

ஊசி மேல தப்பில்ல சாமி. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயசுல ஊசியை வேலை செய்ய விடாம தடுக்கும். அதுவே கொஞ்ச நாள்ல குறைஞ்சு நோயைத் தடுக்க மாட்டாம போயிடும். அந்த இடைவெளியிலதான் நுழையுது. அதனால 3, 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடணும். ஷெல்டர்ல 2 வாரத்துக்கு ஒண்ணு, 20 வாரம் வரைக்கும். முதல் ஊசியோட நிறுத்துற வீடுங்கதான் அதிகம், உங்களை மட்டும் சொல்லல.

நாகலூர்க்காரி:

ரெண்டு ராத்திரி ஆச்சு அம்மா. ட்ரிப்ஸ் ஏறுற ரெண்டுல கருப்பன் நேத்து 1.610 கிலோ, இன்னைக்கு 1.640. செவலை 1.480-லயே நிக்குது, வாந்தி மட்டும் நின்னுடுச்சு. விளையாடுற ரெண்டுக்கும் ஊசி போட்டாச்சு. கருப்பன் நான் உள்ள போனதும் வாலை ஒரு தடவை ஆட்டினான். சோறு வைக்கலாமா?

கன்னங்குறிச்சி அம்மா:

வாந்தி நின்னு எவ்வளவு நேரமாச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சரின்னாருன்னா குழைஞ்ச சோத்துல வேகவச்ச கோழியை மசிச்சு, உப்பு காரம் இல்லாம, ஒரு ஸ்பூன். பட்டினி போடுறதை விட சீக்கிரம் கொஞ்சங்கொஞ்சமா ஊட்டினா குடல் நல்லா தேறும். ரெண்டு மணி நேரம் தங்கினா இன்னொரு ஸ்பூன். பால் வேண்டாம். செவலைக்கு அவசரப்படாதீங்க, ராத்திரி எடையை மட்டும் இங்க போடுங்க, நான் முழிச்சிருப்பேன்.