புதுப்பிப்பு: காற்று நாளில் 180 கி.மீ. சைக்கிள்

ஊட்டி–பைக்காரா சாலையில் முழுதூர டிரையத்லானுக்கு (நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சி எடுப்பவர்களுக்கு எந்தச் சக்கரம் ஏற்றது என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது.

ஆழமான ரிம், அதாவது உயரம் கூடிய சக்கர விளிம்பு, பின்னால் இருக்கட்டும். முன்னால் 30 மி.மீ. ஆழமே போதும். இந்தச் சாலையில் ‘ஒன்பதாவது மைல்’ எனப்படும் இடத்தின் புல்வெளியில் மரமறைவு முடிந்ததும் பக்கக்காற்று முன்சக்கரத்தைத்தான் திருப்பும். அந்த இடம் வருமுன்பே ஏரோபாரை (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட முன்னால் நீட்டிய கைப்பிடி) விட்டு, கையை பிரேக் பக்கம் கொண்டு வாருங்கள். பிடியை மட்டும் இறுக்காதீர்கள். தோளின் விறைப்பு வண்டியையும் ஆட்டும்.

எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம், மிதிக்கும் சக்தியைக் காட்டும் வாட் அளவைப் பாருங்கள். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், கொஞ்சம் வேகம் கூட்டினாலும் 42.2 கி.மீ. ஓட்டத்துக்குக் காலில் தெம்பு இருக்காது. குளிரில் தாகமும் தெரியாது. மணிக்கு 60–90 கிராம் மாவுச்சத்தை, தண்ணீரோடு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்து எடுங்கள். காற்று ஓய்ந்த இடங்களில் எடுப்பது பாதுகாப்பு.