ஸ்னிஃப்2 நீக்கின ஈஸ்ட்லயும் ஃபோ5 மரபணு வேலை செய்யுது, எங்கே தப்பு?

புளிச்சமாவு:
எம்.எஸ்சி கடைசி வருஷ புராஜெக்ட். ஸ்விட்ச்-ஸ்னிஃப் கூட்டமைப்போட மோட்டார் புரதமான ஸ்னிஃப்2-ஐ நீக்கின ஈஸ்ட் ஸ்ட்ரெயின் ஒண்ணு கொடுத்திருக்காங்க. பாஸ்பேட் இல்லாத மீடியாவுல வளர்த்தா, ஃபோ5 புரோமோட்டர் (மரபணுவை இயக்குற முன்பகுதி) மேல வரிசையா உட்கார்ந்திருக்கிற நாலு நியூக்ளியோசோமும் (டிஎன்ஏ சுத்தின புரத உருண்டை) கலைஞ்சு, ஆசிட் பாஸ்படேஸ் நொதி உருவாகணும். நியூக்ளியோசோமை நகர்த்துற மோட்டாரே இல்லாதப்போ நொதி வரவே கூடாதுன்னு நினைச்சேன். ராத்திரி முழுக்க வளர்த்து காலையில பிஎன்பிபி (இந்த நொதி இருந்தா மஞ்சளாகிற வேதிப்பொருள்) சேர்த்தா நல்ல மஞ்சள்! வைல்ட் டைப்பை (எதையும் நீக்காத சாதாரண ஸ்ட்ரெயின்) விட கொஞ்சம்தான் குறைவு. மூணு தடவை செஞ்சாச்சு. அடுத்த வாரம் ரிவ்யூ, ஒண்ணும் புரியலை.

பழைய_பிளேட்:
முதல்ல ஸ்ட்ரெயினைச் சந்தேகப்படுங்க. ராஃபினோஸ் பிளேட்ல இழுத்துப் பாருங்க, சுவாசத்தைத் தடுக்கிற ஆன்டிமைசின் சேர்த்து. ஸ்னிஃப், அதாவது எஸ்என்எஃப்ங்கிற பேரே சுக்ரோஸை நொதிக்க முடியாத மியூட்டன்ட்ல இருந்து வந்ததுதான். சுக்2 மரபணு திறக்காது, ராஃபினோஸை உடைக்கிற இன்வர்டேஸ் நொதி வராது, அதனால வளர்ச்சி இருக்கக் கூடாது. இன்னொண்ணு, இந்த மியூட்டன்ட் ரொம்ப மெதுவா வளரும். குறையைச் சரிக்கட்டுற சப்ரஸர் செல் ஒண்ணு வந்துட்டா கல்ச்சரையே பிடிச்சுக்கும். ஹிஸ்டோன் (நியூக்ளியோசோம் உருண்டையோட புரதம்) மரபணு மாறினாக்கூட எஸ்என்எஃப் குறை சரியாகிடும். நாலு தடவை மாத்தின பிளேட்ல இருந்து எடுக்காதீங்க, ஃப்ரீசர் ஸ்டாக்ல இருந்து புதுசா எடுங்க.

புளிச்சமாவு:
செஞ்சேன் அண்ணா. புது ஸ்டாக், ராஃபினோஸ்ல வளரலை, பிசிஆர்லயும் நீக்கம் சரியா இருக்கு. மஞ்சள் மட்டும் அப்படியே வருது.

டெட்ராட்_அக்கா:
ஸ்ட்ரெயின் சரி, கை வேலையும் சரி. நீ எதிர்பார்த்ததுதான் சரியில்லை மா.

எட்டு ஹிஸ்டோன் சேர்ந்த உருண்டையில 147 பேஸ் ஜோடி டிஎன்ஏ சுத்தியிருக்கும். ஃபோ5-ஐ இயக்குற புரதமான ஃபோ4-க்கு அந்தப் புரோமோட்டர்ல ரெண்டு இடம். ஒண்ணு நியூக்ளியோசோம்களுக்கு நடுவுல திறந்தே கிடக்கு, இன்னொண்ணு நியூக்ளியோசோமுக்கு அடியில. மரபணுவைப் படிக்க ஆரம்பிக்க உதவுற டாட்டா பெட்டியும் அப்படித்தான் புதைஞ்சிருக்கு. பாஸ்பேட் தீர்ந்தா ஃபோ4 நியூக்ளியஸுக்குள்ள போய் திறந்த இடத்துல உட்கார்ந்து ஆள் கூப்பிடும். அங்க வர்றது ஸ்விட்ச்-ஸ்னிஃப் மட்டும் இல்லை. ஆர்எஸ்சி, இனோ80, ஐஎஸ்டபிள்யூ1, சிஎச்டி1ங்கிற மத்த ரீமாடலர்களும் (நியூக்ளியோசோமை நகர்த்துற இயந்திரங்கள்) ஏடிபியை எரிச்சு அதே புரோமோட்டரைத் திறக்க உதவுது. ஸ்னிஃப்2 இல்லேன்னா திறக்கிறது தாமதமாகும், நின்னுபோகாது. நீ ராத்திரி முழுக்க விட்டதால மியூட்டன்ட் ஓடி வந்து எட்டிப் பிடிச்சிடுச்சு. அதனால இறுதி அளவை விட்டுட்டு, மணிக்கு ஒரு சாம்பிள் எடு.

இதைவிட எனக்குப் பிடிச்ச ஒப்பீடு ஃபோ8ங்கிற இன்னொரு மரபணு. அதே ஃபோ4, அதே பாஸ்பேட் பட்டினி. ஆனா அந்தப் புரோமோட்டர் ஸ்னிஃப்2 இல்லாம திறக்கவே திறக்காது. ஃபோ8 மேல இருக்கிற நியூக்ளியோசோம்கள் ஃபோ5-ல இருக்கிறதை விட உறுதியானவை, அதான் காரணம்னு ஆய்வுகள் சொல்லுது. எந்த ரீமாடலர் வேணும்ங்கிறதை அந்தப் புரோமோட்டரோட நியூக்ளியோசோமும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

பழைய_பிளேட்:
நான் ஸ்ட்ரெயின்லயே நின்னுட்டேன், நன்றி அக்கா. ஒரு சந்தேகம். ஈஸ்ட் வாக்குவோல்ல (செல்லுக்குள்ள இருக்கிற பை) பாலிபாஸ்பேட்டா பாஸ்பேட்டைச் சேமிச்சு வச்சிருக்குமே? மெதுவா வளர்ற மியூட்டன்ட்டுக்கு அந்தக் கையிருப்பு தீரவே நேரம் ஆகும். பட்டினி சிக்னலே லேட்டா வந்தா, அதைப் போய் குரோமாட்டின் தாமதம்னு, அதாவது நியூக்ளியோசோம் கலையறதுல தாமதம்னு எழுதிடுவாங்க.

டெட்ராட்_அக்கா:
சரியான கேள்வி. பாஸ்பேட் இருக்கிறப்போ ஃபோ4-ஐ நியூக்ளியஸுக்கு வெளியே வைக்கிற ஃபோ80-ஐயும் சேர்த்து நீக்கின ஸ்ட்ரெயின் இருந்தா பட்டினியே தேவையில்லை, ஃபோ4 எப்பவும் உள்ளேயே இருக்கும். ஆனா அதுல இறுதி நிலைதான் தெரியும், வேகம் தெரியாது. நேரக் கணக்குக்கு ரெண்டு ஸ்ட்ரெயின்லயும் ஃபோ4 எப்போ நியூக்ளியஸுக்குள்ள போகுதுன்னு ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரதம்) ஒட்டிப் பாக்கணும். ஃபோ4 நீக்கின ஸ்ட்ரெயினை நெகட்டிவ் கன்ட்ரோலா கண்டிப்பா வை.

புளிச்சமாவு:
நேத்து நேரக் கணக்கு எடுத்தேன். நாலாவது மணியில வைல்ட் டைப் நல்ல மஞ்சள், மியூட்டன்ட் கிட்டத்தட்ட நிறமே இல்லை. காலையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல! எல்லாத்தையும் ஓடி மதிப்பால (செல் எவ்வளவு இருக்குன்னு காட்டுற அளவு) வகுத்துத்தான் பார்த்தேன். ஃபோ4 நீக்கினதுல கடைசி வரைக்கும் ஒண்ணும் வரலை. ஃபோ8-க்கு பிரைமர் ஆர்டர் போட்டாச்சு, ஆர்டி-க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைப் பாக்கிற சோதனை) திங்கட்கிழமை. ஜிஎஃப்பி ஸ்ட்ரெயின் பக்கத்து லேப்ல இருக்காம், கேட்டிருக்கேன்.