பாந்தியன் கூரை ஓட்டையில் மழை வராதா?

கேள்வி: அடுத்த மாதம் ரோம் போகிறோம். அங்கே பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் கூரை நடுவில் பெரிய ஓட்டையாம், மூடியே கிடையாதாம். மழை பெய்தால்?

பதில்: நனையும், வேறென்ன! நான் போன அன்று தூறல். நடுவில் கயிறு கட்டி எங்களை ஒதுக்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தேன்: பளிங்குத் தரையில் விரல் நுழையும் அளவு துளைகள். தண்ணீர் அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

கேட்டவர்: சரி, 1,900 வருடமாக எப்படி நிற்கிறது? உள்ளே கம்பியா?

பதில்: கம்பியே இல்லை, அதனால் துருவும் இல்லை. 43 மீட்டர் அகலக் குவிமாடம், வெறும் கான்கிரீட்! அடியில் கிட்டத்தட்ட 6 மீட்டர் தடிமன், மேலே 1.2 மீட்டர்தான். உச்சிக் கலவையில் எடை குறைந்த எரிமலை நுரைக்கல்.

இன்னொருவர்: மதியம் போங்கள். வெயில் வட்டமாக உள்ளே விழும். மழையைவிட அதுதான் வேடிக்கை.