20-ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை, மாணவனாக எப்படி மிச்சம் பிடிப்பது?

மூன்றாம்பெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை பணம் வரும், வாரக்கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதிலும் கொஞ்சம் கிடைக்கிறது. நான் ஒன்றும் ஊதாரி இல்லை, துணிமணி வாங்கியே எட்டு மாதம் ஆகிறது. ஆனால் 20-ஆம் தேதி தாண்டினால் கணக்கு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். உடனே அறைத்தோழனிடம் கைமாற்று, அடுத்த மாதம் பணம் வந்ததும் முதல் வேலையாக அதை அடைப்பது, அதனாலேயே அந்த மாதம் 18-ஆம் தேதியே காலி, மறுபடி கைமாற்று. ஐந்து மாதமாக இதே கதை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் 50-30-20 என்கிறார்கள். பாதி அவசியத்துக்கு, 30 சதவீதம் ஆசைக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. எனக்கு வாடகையும் சாப்பாடுமே 70 சதவீதம் ஆகிறது. இதில் எங்கே போய் 20 எடுப்பது?

இன்னொன்று. லேப்டாப் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. "மாணவர்களுக்கே ஒரு கார்டு தருகிறார்கள், தவணையில் புதுசு எடுத்துவிடு" என்று நண்பன் ஒருவன் தினமும் காதில் ஓதுகிறான். எடுக்கலாமா? திட்டினாலும் பரவாயில்லை, உருப்படியாக எதையாவது சொல்லுங்கள்.

கணக்குநோட்டு:

தம்பி, அந்த 50-30-20 கணக்கை 2005-ல் பிரபலப்படுத்தியவர்கள் அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும். சம்பளம் வாங்கும் குடும்பங்களை மனதில் வைத்துச் சொன்னது. மாணவனுக்கு அந்தச் சட்டை பொருந்தாது, கழற்றிப் போடு.

முதல் மாதம் எதையும் குறைக்காதே, எழுத மட்டும் செய். செயலி வேண்டாம், சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு போதும். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-ல் வீட்டுக் கணக்கேடு ஒன்றை அறிமுகப்படுத்தினார், 'ககேபோ' என்று இன்றைக்கும் பேசுகிறார்கள் இல்லையா, அதிலும் விஷயம் இவ்வளவுதான்: கையால் எழுது, மாதக்கடைசியில் உட்கார்ந்து படி. செயலி தானாகக் குறித்துக்கொள்ளும், நீ பார்க்கவே மாட்டாய். கையால் எழுதும்போது ஒரே கடைப் பெயரை ஒரு வாரத்தில் ஐந்தாவது முறை எழுத உனக்கே கூச்சமாக இருக்கும். எனக்கு இருந்தது.

நான் படித்த காலத்தில் என் நோட்டில் பெரிய ஓட்டையாகத் தெரிந்தது நொறுக்குத்தீனி இல்லை. 'எதிர்பாராத செலவு' என்று நானே தலைப்புப் போட்டு எழுதிய பக்கம்தான். தேர்வுக் கட்டணம், புராஜெக்ட் அச்சடித்து பைண்டிங் போட்டது, விடுமுறைக்கு ஊர் போய் வந்தது, இரண்டு பேர் பிறந்தநாள், மாத்திரை. யோசித்துப் பார், இதில் எது எதிர்பாராதது? ஒவ்வொரு செமஸ்டரும் தவறாமல் வருகிறது. அதனால் ஒரு செமஸ்டருக்கு இதெல்லாம் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கூட்டி, ஆறால் வகுத்து, பணம் வந்த அன்றைக்கே அந்தப் பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடு. கார்டும் போன் செயலியும் இணைக்காத கணக்காக இருக்கட்டும். எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும், அந்தச் சிரமம்தான் காவல்.

மீதியை வாரத்துக்கு இவ்வளவு என்று பிரி. இங்கே எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள், மாதப் பணத்தை நான்கால் வகுப்பார்கள். நான்கு வாரம் என்றால் 28 நாள்தான், மாதத்துக்கு மிச்சம் இரண்டு மூன்று நாள் தொங்கும். அந்த இரண்டு மூன்று நாளில்தான் கைமாற்று ஆரம்பிக்கும். 31-ஆல் வகுத்து ஏழால் பெருக்கு, அதுதான் உன் வாரப் பணம்.

கைமாற்றை ஒரே அடியாக அடைக்காதே. நண்பனிடம் நேரே போய் "மூன்று மாதத்தில் மூன்று பங்காகத் தருகிறேன்" என்று சொல். ஒத்துக்கொண்டால் அடுத்த மாதமே மூச்சு விட இடம் கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் முழுக்கத் திருப்பிக் கொடுத்து முழுக்க வாங்குவதைவிட அவனுக்கும் இதுதான் நல்லது.

வட்டிக்கணக்கு:

கார்டு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

மாதம் 2 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள், கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். வருடத்துக்கு 24. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் கடன் எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று தோராயமாகத் தெரியும், இங்கே 72-ஐ 24-ஆல் வகுத்தால் 3. மூன்று வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு நிற்கும்.

"கண்டுகொள்ளாமல் விடமாட்டேன், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுவேன்" என்பாய். நானும் அப்படித்தான் சொன்னேன். குறைந்தபட்சம் என்பது பாக்கியில் 5 சதவீதம் என்றால், அதில் சுமார் 2 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 3-தான். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் மாதம் தவறாமல் கட்டினாலும் கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். பாதிதான், முடியவில்லை. நான் இரண்டாம் ஆண்டில் வாங்கிய ஒரு போனுக்கு, அந்தப் போன் உடைந்து குப்பைக்குப் போன பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன்.

"வட்டியில்லாத் தவணை" என்றால் இரண்டு கேள்வி கேள்: ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா, தவணை ஒருநாள் தவறினால் என்ன பிடிப்பார்கள்? வட்டியின் பெயர் மாறி 'செயலாக்கக் கட்டணம்' என்று உள்ளே உட்கார்ந்திருக்கும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதே, பொருள் வாங்கினால் கிடைக்கும் அவகாசம் பொதுவாக அதற்குக் கிடையாது, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

அட்டையைக் கையில் வைத்திருந்தாலே செலவு கூடும் என்பது என் புலம்பல் மட்டும் இல்லை. எம்.ஐ.டி.யில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இருவர் மேலாண்மை மாணவர்களை வைத்து ஒரு ஏலம் நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு, ரொக்கம் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிடக் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். மேலாண்மை படிப்பவர்களே இப்படி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்.

திருப்புளி:

லேப்டாப் எத்தனை வருடப் பழசு என்று சொல்லவே இல்லையே. 'இழுக்கிறது' என்பதற்குப் பாதி நேரம் காரணம் புராசசர் இல்லை, உள்ளே இருக்கும் சுழலும் ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார், சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் ஆசாமி அவன்தான். அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடு, அதுவும் கோப்புகளைச் சேமிப்பதுதான், ஆனால் உள்ளே சுழலும் பாகம் இல்லாததால் வேகம் அதிகம். புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ரேம் 4 ஜிபி என்றால் அதையும் 8 ஆக்கு. சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது, அதனால் காசு கொடுக்குமுன் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிவிடு.

மென்பொருளுக்கு ஒரு பைசா கொடுக்காதே. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறாய் இல்லையா, அது வெறும் நோட்டீஸ் வருவதற்கு மட்டும் இல்லை. பொறியியல் வரைபட மென்பொருள் செய்யும் ஆட்டோடெஸ்க், நிரல் எழுதும் மென்பொருள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் இரண்டும் மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். அது இல்லாவிட்டாலும் எழுத லிப்ரே ஆபீஸ், புள்ளியியலுக்கு ஆர், மேட்லாப் பாடத்துக்குப் பெரும்பாலும் ஆக்டேவ் போதும், மேற்கோள் பட்டியலுக்கு சோடெரோ.

பழையபுத்தகம்:

புத்தகச் செலவைப் பற்றி யாருமே பேசவில்லையே! என் முதலாண்டில் பாதிப் பணம் போனது அதில்தான். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முதல் வாரமே வாங்கினேன், செமஸ்டர் முடியும்போது இரண்டு புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை.

இப்போது இரண்டு வாரம் காத்திருப்பேன். எது நிஜமாகவே தேவை என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் ஆசிரியரிடம் "முந்தைய பதிப்பு போதுமா?" என்று நேரடியாகக் கேட்பேன். பெரும்பாலும் போதும் என்பார்கள். ஒருமுறை நூலகத்தில் புதுப் பதிப்பையும் என்னிடமிருந்த பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினேன். பாடம் வரிக்கு வரி அதேதான், பயிற்சிக் கணக்குகளின் எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன, பழையதில் 14-ஆவது கணக்கு புதியதில் 22. என் பிரதியில் பென்சிலால் புது எண்களைக் குறித்துக்கொண்டேன், அரை மணி நேர வேலை.

நூலகத்தில் பாடப்புத்தகம் 'இங்கேயே படிக்க மட்டும்' என்று தனி அலமாரியில் இருக்கும், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு, அதற்கு ஒரு படிவம். முதலாண்டுப் பாடமென்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ் பார்த்துவிடு, ரைஸ் பல்கலைக்கழகம் 2012-லிருந்து முழுப் பாடப்புத்தகங்களை இலவசமாகவே போடுகிறது, இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் எல்லாம் உண்டு.

வாங்கிய புத்தகத்தைச் செமஸ்டர் முடிந்த வாரமே விற்றுவிடு. இன்னொரு வருடம் அலமாரியில் தூங்கினால் புதுப் பதிப்பு வந்துவிடும்.

கண்ணாடிக்காரி:

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது சாப்பாட்டிலும் உடம்பிலும்தான். நான் கண் பரிசோதனையை எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கரும்பலகை மங்கல், சரி முன்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒப்பேற்றினேன். தலைவலி, தூக்கமில்லை, ஒரு பேப்பர் போயிற்று. மறுதேர்வுக் கட்டணமும் அதற்கான தனிப்பாடமும் சேர்த்தால் கண்ணாடியைப் போல மூன்று மடங்கு ஆனது. கண்ணாடி அப்புறம் எப்படியும் வாங்கத்தானே வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்து மருத்துவ மையத்துக்கு நீ கட்டிய கட்டணத்திலேயே பணம் போயிருக்கலாம், ரசீதை எடுத்துப் பார். அதே ரசீதில் உடற்பயிற்சிக் கூடம், நூலகம், இணையம் என்று வேறு என்னென்ன இருக்கிறது என்றும் பார். ஏற்கெனவே கொடுத்த காசுக்கு வெளியில் மறுபடி கொடுக்கிற ஆட்கள் நிறைய.

நிஜமாகவே முடியாத மாதம் வந்தால் மாணவர் நல அலுவலகத்தில் போய்க் கேள். பல பல்கலைக்கழகங்களில் அவசர உதவி நிதி இருக்கிறது, சிறிய தொகையை வட்டியில்லாமல் தருகிற இடங்களும் உண்டு. கேட்க வெட்கப்பட்டே பாதிப் பேர் கார்டுக்காரனிடம் போய் விழுகிறார்கள்.

வருமானப் பக்கமும் யோசி, தம்பி. நூலகக் கவுன்டர், ஆய்வக உதவி மாதிரி வளாகத்துக்குள்ளேயே கிடைக்கிற வேலையில் போக வர ஆகும் நேரமும் காசும் மிச்சம். ஆனால் தேர்வு மாதத்தில் அதையும் விட்டுவிடு.

மூன்றாம்பெஞ்ச்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. நோட்டு எழுதினேன் அண்ணா, முழுசாக 31 நாள். இரண்டு விஷயம் தெரிந்தது, இரண்டுமே நான் நினைத்தது இல்லை.

ஒன்று, முதலாண்டில் ஒரே ஒரு அசைன்மென்ட்டுக்காக 'ஏழு நாள் இலவசம்' என்று போட்ட சந்தா. 14 மாதமாகக் காசு போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தப் போனால் "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்றான், அப்போதுதான் கோபமே வந்தது.

இரண்டாவது, 31 நாளில் 11 நாள் இரவு 11 மணிக்கு மேல் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்திருக்கிறேன். மெஸ் 8 மணிக்கு மூடிவிடும், நான் 7 மணிக்கே பசியில்லாமல் பாதி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அப்புறம் நள்ளிரவில் பசிக்கிறது. இப்போது மாலையில் எதையும் கொறிக்காமல் 7.45-க்குப் போய் வயிறாரச் சாப்பிடுகிறேன், அறையில் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த மாதம் இதுவரை இரண்டே முறைதான்.

அறைத்தோழன் மூன்று பங்குக்கு ஒத்துக்கொண்டான், ஆனால் "வேறு யாரிடமும் சொல்லாதே, எல்லோரும் வரிசையில் வந்துவிடுவார்கள்" என்றான். கார்டு வாங்கவில்லை. எஸ்எஸ்டி போட்டாயிற்று, திறக்க நான்கு நிமிடம் எடுத்தது இப்போது 20 நொடிக்குள் திறக்கிறது. கையில் உள்ளது இந்த மாதம் 27 வரை தாங்கும் போலிருக்கிறது, அதுவே எனக்குப் பெரிய விஷயம். கண்ணாடிக்காரி அக்கா, ரசீதைப் பார்த்தேன், உடற்பயிற்சிக் கூடக் கட்டணம் அதில் இருக்கிறது, நான் வெளியில் மூன்று மாதம் கட்டியிருக்கிறேன்.

திருப்புளி:

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதே. யுஎஸ்பி உறை ஒன்று வாங்கி அதற்குள் போட்டால் பேக்கப்புக்கு ஆகும். புராஜெக்ட் ஒப்படைக்கும் வாரம் வருமுன் செய்துவிடு.