பொம்பதூர் சீமாட்டியும் புதுச்சேரியின் வீழ்ச்சியும்

முத்தியால்பேட்டையான்:
புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே 1754-இல் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைக்கப்பட்டதற்கும், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதற்கும் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகியான பொம்பதூர் சீமாட்டியே காரணம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டத்தரசி உயிரோடு இருக்கையில், அமைச்சர் பதவி ஏதும் இல்லாத பெண்மணிக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்ததா? விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

கெடிலக்கரை:
செல்வாக்கு இருந்தது. 1721-இல் பாரிஸில், பிரபுக்கள் வகுப்பைச் சேராத குடும்பத்தில் பிறந்த இவர், 1745-இல் மன்னரின் மனம் கவர்ந்து, அதே ஆண்டில் மார்க்கீஸ் என்னும் பிரபுப் பட்டமும் பெற்று அரசவைக்குள் நுழைந்தார். வெர்சாய் அரண்மனையில் மன்னரின் அறைகளுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். இடையே தனிப் படிக்கட்டு ஒன்று இருந்தது. 1750 வாக்கில் அந்த உறவு முடிந்துவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அத்துடன் அரண்மனையை விட்டே போயிருப்பார். இவரோ மன்னரின் தோழியாகவும், பதவி நாடுவோர் முதலில் பார்த்தாக வேண்டியவராகவும் மாறி, 1764 ஏப்ரலில் 42-ஆம் வயதில் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அரசியையும் பகைத்துக்கொள்ளாத சாமர்த்தியசாலி. 1756-இல் அரசியின் பணிப்பெண்கள் வரிசையிலேயே இடம்பெற்றார்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
துய்ப்ளே விஷயத்தில் இவர்மீது பழி போடுவது பொருந்தாது. கர்நாடகப் போர்களில் பணம் கரைவதைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் நிதியமைச்சர் மஷோவும் சமாதானம் நாடியே துய்ப்ளேயின் இடத்துக்குக் கோதேயை அனுப்பினார்கள். 1761-இல் வேண்டுமானால் சுற்றுவழியில் பங்கு உண்டு. 1755 செப்டம்பரில் ஆஸ்திரியத் தூதர் இரகசியப் பேச்சைத் தொடங்கியது எந்த அமைச்சரின் அலுவலகத்திலும் அல்ல, பொம்பதூரின் பெல்வூ மாளிகையை ஒட்டிய சிறு விடுதியில். தூதருக்கு எதிரே அமர்ந்தவர் பொம்பதூரின் ஆளான பெர்னீ. 1756 மே 1 அன்று பிரான்சு-ஆஸ்திரியா கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்பின் ஏழாண்டுப் போரில் பிரான்சு தன் படையையும் பணத்தையும் ஜெர்மானிய மண்ணில் கொட்ட, கடலில் ஆங்கிலேயர் கை ஓங்கியது. 1758 ஜூனில் நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த அதே பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு, புதுச்சேரி முற்றுகையின்போது உதவிக்கு ஒரு கப்பற்படையும் வரவில்லை. ஆனால் அக்கூட்டணியை மன்னரும் மனமார விரும்பினார் என்பதை நம் பெரியவர்கள் ஏனோ சொல்வதில்லை.

முத்தியால்பேட்டையான்:
மிக்க நன்றி ஐயா. லாலிக்கு மரணதண்டனை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான் என்கிறார்களே?

கெடிலக்கரை:
லாலியின் தலை வெட்டப்பட்டது 1766 மே மாதத்தில். அப்போது பொம்பதூர் இறந்து ஈராண்டு கடந்திருந்தது.