கல்லூரி பிரெஞ்சு: 360 மணி நேரம் படித்தும் ஏன் பேச வரவில்லை?

மூன்றாம்_பெஞ்ச்:

கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர்களும் அதைச் சொல்லிக்கொடுப்பவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், அதாவது 15 வாரம். நான்கு பருவம். பெருக்கினால் 360 மணி நேரம் வருகிறது. ஒன்றும் தெரியாமல் சேருகிற ஒருவரை ஐரோப்பிய மொழித்திறன் தரவரிசையில் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஆறு படிகள்) பி1 நிலைக்குக் கொண்டுவர 350 முதல் 400 மணி நேரம் ஆகும் என்பதுதான் மொழிப் பள்ளிகளில் வழக்கமாகப் போடும் கணக்கு. பி1 நிலைக்கு வந்தவர் ரயிலைத் தவறவிட்டால் கவுன்ட்டரில் பேசி வேறு டிக்கெட் வாங்கிவிடுவார். தன் படிப்பையும் வேலையையும் பற்றித் தொடர்ச்சியாக நாலு வாக்கியம் சொல்லுவார். நம் மாணவர்கள் அதே நேரத்தைச் செலவழித்து, தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண்ணும் வாங்கி, தன் பெயரையும் ஊரையும் சொன்னதோடு நின்றுவிடுகிறார்கள்.

என் தங்கை பட்டம் முடித்ததும் டெல்ஃப் ஏ2 தேர்வுக்கு (பிரான்ஸ் அரசு தரும் பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்) தயாரானாள். இலக்கணம் அத்தனையும் சரி. கேட்டல் பயிற்சியில் பல் டாக்டர் அறையிலிருந்து ஒரு குரல் செய்தி: நேரம் மாறிவிட்டது, இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று. பிரான்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்வார்கள். 92 அவர்கள் வாயில் 'கத்ர்-வான்-தூஸ்', அதாவது நாலு இருபதும் பன்னிரண்டும். 'கத்ர்' காதில் விழுந்ததும் அவள் 4 என்று எழுதிவிட்டாள். அதை அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த ஜோடி போய்விட்டது. இரண்டாம் முறை ஒலித்தபோதும் அதே கதை. ஒன்று முதல் நூறு வரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெண் அவள். நான்கு பருவத்திலும் வகுப்பில் ஒரு ஒலிப்பதிவுகூடப் போட்டதில்லை.

நேரம் போதவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். தேர்வில் பேச்சும் கேட்டலும் கிடையாது, அதனால் வகுப்பிலும் கிடையாது. பல்கலைக்கழகம் வினாத்தாளை மாற்றினால் வகுப்பு மாறும்.

வகுப்பறை_14:

நான் பிரெஞ்சு நடத்துகிறவள். உங்கள் 360 மணி நேரம் கால அட்டவணையில் இருக்கிறது, வகுப்பறையில் இல்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வு, கலைவிழா, மழை விடுமுறை எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. மொழிப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு இருபது பேர் இருந்தாலே அதிகம் என்பார்கள். எனக்கு 70 பேர். அதில் பாதிப் பேர் பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவர்கள், மீதிப் பேர் பிரெஞ்சையே முதல் நாள்தான் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம் கூட வாய்க்காது. வினாத்தாளை மாற்றினால் இந்த 70 எப்படிக் குறையும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நடைமுறைப் பிரெஞ்சு' என்றாலே எல்லோரும் பேச்சைத்தான் நினைக்கிறீர்கள். வாசிப்பு நடைமுறை இல்லையா? ஒப்பந்தம், இயந்திரக் கையேடு மொழிபெயர்க்கிறவர் வாயைத் திறக்காமலே சம்பாதிக்கிறார். புதுச்சேரியின் பழைய ஆவணங்களை ஆராய வருகிற வரலாற்று மாணவிக்கு 18ஆம் நூற்றாண்டு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணத் தெரிய வேண்டும். கவுன்ட்டரில் டிக்கெட் வாங்குவது அவளுக்குப் பிறகு வரலாம். நான் போடுகிற இலக்கண அடித்தளம் அவளுக்கு உதவுகிறது. அதை வீண் என்று சொல்ல விடமாட்டேன்.

இரண்டாம்_பருவம்:

மேடம், நான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவன், வேறு கல்லூரி. உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பிரெஞ்சு எடுத்தது மதிப்பெண்ணுக்காகத்தான். வீட்டிலும் அப்படித்தான் சொல்லி எடுக்க வைத்தார்கள். பழைய வினாத்தாள்களை வாங்கி, வருகிற கேள்விகளைக் குறித்துக்கொண்டு, விடையை மனப்பாடம் செய்கிறோம். பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் கேள்விக்கு ஆங்கில வடிவத்தையே உருப்போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பத்தியைப் படிக்காமலே முழு மதிப்பெண். வரலாற்று ஆவணத்தைப் படிக்கிற திறமை இதில் எங்கே வருகிறது? வாசிப்பும் எங்களுக்கு வரவில்லை மேடம்.

பேச ஆசை இருக்கிறது. ஆனால் தொண்டையிலிருந்து அந்த 'ர்' சொல்ல முயன்றால் பின்வரிசை சிரிக்கிறது. அதைத் தாண்டிப் பேசினால் மதிப்பெண்ணும் இல்லை. அப்புறம் யார் பேசுவார்கள்?

லாசப்பல்_வாசி:

நான் பாரிஸில் இருக்கிற ஈழத்தமிழன். நான் வந்த காலத்தில் மொழி வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. உணவகக் குசினியில்தான் பிரெஞ்சு பழகினேன். மூன்றாம்_பெஞ்ச் தம்பி சொல்கிற கதைக்கிற பிரெஞ்சு எனக்கு நல்லா வரும். சமையல்காரரோடு சண்டை பிடிப்பேன், தொலைபேசியில் சாமான் ஓடர் பண்ணுவேன். ஆனால் பிரிஃபெக்ச்சருக்கு, அதுதான் வதிவிட அட்டை தரும் அரச அலுவலகத்துக்கு, ஒரு கடிதம் எழுத இன்றைக்கும் மகளைத்தான் கூப்பிட வேண்டும். வினைச்சொல்லின் முடிவு எனக்குக் காதில் ஒன்று போலத்தான் கேட்கும், தாளில் ஆறு விதமாக இருக்கும்.

2024 ஜனவரியில் வந்த சட்டத்தின்படி, 2026இல் இருந்து பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். முப்பது வருசம் இங்கே கதைச்சுக்கொண்டு இருந்தவர்கள் பி2 எழுத்துத் தாளைப் பார்த்துக் கையைப் பிசைகிறார்கள். ஆகவே ரீச்சர் சொல்வதுதான் சரி. பேச்சு இடத்துக்குப் போனால் வந்துவிடும். எழுத்தும் இலக்கணமும் பள்ளிக்கூடத்தில் வராவிட்டால் பிறகு வரவே வராது.

மூன்றாம்_பெஞ்ச்:

அண்ணா, உங்கள் அனுபவம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. உங்களைச் சுற்றி நாள் முழுக்க பிரெஞ்சு இருந்தது, அதனால் பேச்சு வந்தது. தாம்பரத்தில் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் வரும் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் பிரெஞ்சு காதில் விழ வேறு இடமே இல்லை. இலக்கணப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். இன்னொரு ஆளோடு பேசுவதற்குத்தான் வகுப்பு வேண்டும். இடத்துக்குப் போனால் வந்துவிடும் என்றால், போவதற்கு முன்னால் விசா, கல்லூரிச் சேர்க்கை என்று நேர்காணல்கள் இருக்கின்றன. பிரெஞ்சு வழியில் முதுகலை படிக்கப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பி2 கேட்கின்றன. பி2 வாய்மொழித் தேர்வில் ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்து, அரை மணி நேரம் யோசிக்கவிட்டு, உன் கருத்தைச் சொல், நான் எதிர்த்துக் கேட்பேன், வாதாடு என்பார்கள். உருப்போட்டவன் அங்கே என்ன செய்வான்?

ஒழுகரை:

புதுச்சேரியிலிருந்து. இங்கே தெருவில் பிரெஞ்சு கேட்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். தெருப்பலகையில் இருக்கிறது, அவ்வளவுதான். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளி 1826இலிருந்து இருக்கிறது, பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889இலிருந்து இருக்கிறது, பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு வெளியே கடையில், பேருந்தில் தமிழ்தான். எனவே ஊர் கற்றுக்கொடுக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இரண்டு பக்கமும் ஒரு குறை தெரிகிறது. பேச்சா இலக்கணமா என்று அடித்துக்கொள்கிறீர்கள், காதை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். அண்ணன் சொன்ன அதே வினைமுடிவைப் பாருங்கள். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கான வினையை 'parlent' என்று எழுதுவார்கள், கடைசி மூன்று எழுத்து 'ent'க்கு ஒலியே கிடையாது. காதால் படித்தவர் 'பார்ல்' என்று சரியாகச் சொல்லி, எழுதும்போது தவறுவார். கண்ணால் படித்தவர் சரியாக எழுதிவிட்டு 'பார்லன்ட்' என்று வாசிப்பார், பிரெஞ்சுக்காரருக்கு ஒன்றும் புரியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் இணைப்பதற்குச் சொல்வதை எழுதும் பழக்கத்தைப் போல வேறொன்று இல்லை.

அப்புறம், பிரெஞ்சு மூக்கொலி. அது வராது என்று பயப்படுகிற மாணவர்களுக்கு நான் சொல்வது: பேச்சுத் தமிழில் 'வந்தான்', 'மரம்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ன், ம் உதட்டிலும் நாக்கிலும் முட்டாமல் மூக்கில் போய் முடிகிறது. அந்தப் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. 

பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சுச் செய்தி தினமும் பத்து நிமிடம் வருகிறது, எழுத்து வடிவமும் சேர்த்துக் கிடைக்கும். டிவி5 மோந்த் என்கிற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை படிப்படியாகக் காணொளிப் பயிற்சி இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்கவும். இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எழுதவும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடவும். கடைசியில் அறிவிப்பாளரோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லவும். ஒரு நாளைக்கு ஒரு நிமிடச் செய்தியை இப்படி முடித்தால் போதும்.

வகுப்பறை_14:

ஒழுகரை சொன்னதை நான் வகுப்பில் செய்ய முடியும். அதற்குத் தொகுப்பூதியக்காரியான நான் என் கைப்பேசியும் ஒரு ஸ்பீக்கரும் கொண்டுபோனால் போதும். ஆனால் மூன்றாம்_பெஞ்ச் கேட்பது வாய்மொழித் தேர்வு. சரி, நீங்கள் போட்ட மாதிரியே நானும் கணக்குப் போடுகிறேன். டெல்ஃப் ஏ1 வாய்மொழித் தேர்வு ஆளுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். 70 பேருக்கு ஏழு நிமிடம் என்றால் 490 நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு வாரத்துக்கும் அதிகமான வகுப்பு நேரம் அதிலேயே போய்விடும். அந்த நேரத்தில் மற்ற 69 பேர் என்ன செய்வார்கள்? மதிப்பெண் வந்தால் புகாரும் வரும். பிளஸ் டூவில் படித்தவனுக்கு 10, புதிதாகச் சேர்ந்தவளுக்கு 4 போட்டால் பெற்றோர் துறைத்தலைவர் அறைக்கு வந்து நிற்பார்கள். எழுத்துத் தாளைக் காட்டி விளக்கலாம். பேச்சை எதைக் காட்டி விளக்குவது?

இரண்டாம்_பருவம்:

மேடம், இரண்டிரண்டு பேராகக் கூப்பிடலாமே? டெல்ஃப் ஏ1 வாய்மொழியில் இரண்டாம் பகுதியில் சொற்கள் எழுதிய அட்டைகளை எடுத்து, அதை வைத்துத் தேர்வாளரிடம் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாம் பகுதியில் யூரோ நாணயம், நோட்டுப் படங்களைக் கொடுத்துக் கடையில் சாமான் வாங்கச் சொல்வார்கள். இதில் கடைக்காரராக இன்னொரு மாணவன் இருந்தால் என்ன? ஒருவன் விலை சொல்லட்டும், இன்னொருவன் பணம் எண்ணிக் கொடுக்கட்டும். மற்ற 68 பேரும் அந்த நேரத்தில் பெஞ்சிலேயே ஜோடி ஜோடியாக அதைத்தான் பழகிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அடுத்து அவர்கள் முறை. புகாருக்குக் கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்கும். எங்களுக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பழகுவோம் மேடம், சத்தியமாக.

லாசப்பல்_வாசி:

பிள்ளை சொல்வது நல்ல யோசனை. ஆனால் இதற்காக எழுத்தைக் குறைக்கிறதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெல்ஃபிலும் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நாலுக்கும் 25, 25 தான். மொத்தம் 50 எடுத்தாலும் எந்த ஒரு பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போனால் தோல்வி. எழுத்தில் வழுக்கினால் கதைச்சு அதை ஈடுகட்ட ஏலாது.

மூன்றாம்_பெஞ்ச்:

அண்ணா, பேச்சுப் பகுதியில் ஐந்துக்குக் கீழே போனாலும் அதே தோல்விதான், எழுத்தை வைத்து அதையும் ஈடுகட்ட முடியாது. எழுத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, 75க்கு நடக்கும் பல்கலைக்கழகத் தேர்வு அப்படியே இருக்கட்டும் என்று வேண்டுமானால் இப்போதைக்கு விடுகிறேன். உள்மதிப்பீடு 25 கல்லூரியின் கையில்தானே இருக்கிறது மேடம்? அதில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தொடங்கலாம்.

வகுப்பறை_14:

அனுமதி கேட்காமல் எதுவும் நடக்காது, துறைக் கூட்டத்தில் வைக்க வேண்டும். வருகிற பருவத்தில் ஒப்படைப்புக்கு உள்ள 5 மதிப்பெண்ணை வாய்மொழிக்கு மாற்றக் கேட்டுப் பார்க்கிறேன். ஜோடியாக, அட்டைகளோடு, ஒலிப்பதிவோடு. வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டு எழுதும் பயிற்சிக்கு. மீதி ஐந்து மணி நேரம் பாடப்புத்தகத்துக்குத்தான், அதில் மாற்றமில்லை.

மூன்றாம்_பெஞ்ச்:

ஐந்து மதிப்பெண்ணுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் மேடம். பத்து மதிப்பெண்ணாவது கேளுங்கள். ஒரு மணி நேரம் கேட்டலுக்கு என்றால் பேசிப் பழக எந்த மணி நேரம்?